தோழி பாதியில் மூடிய புத்தகம்

ஒரு நாவலைப் பாதியில் நிறுத்தி, "இது சரிப்படாது" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்த தோழி, அதைக் கடைசிப் பக்கம்வரை படித்து வியந்துபோன என்னைவிட அதன் மர்மத்துக்கு நெருக்கமாகச் சென்றிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. நாவல், அலெக்ஸ் மைக்கேலிடீஸ் எழுதி 2019-இல் வெளிவந்த 'தி சைலன்ட் பேஷண்ட்'. அந்த ஆண்டு குட்ரீட்ஸ் என்ற புத்தக இணையதளத்தின் வாசகர்கள் வாக்களித்து மர்ம நாவல்களில் முதலிடம் கொடுத்த புத்தகம் அது என்பதால், இதைப் படிக்கும் பலரும் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி உருப்படியாக எதையும் பேச முடியாது. ஆகவே சொல்லப்போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்றிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்து முடித்தபின் வரலாம்.

தோழி ஒரு மருத்துவமனையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களையும் பேச மறுக்கிறவர்களையும் கவனிப்பதே அவருடைய வேலை. பேச மறுக்கும் நோயாளியைப் பற்றிய கதை என்பதால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, நான் படிப்பதற்கு முன்பே புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது; கதையின் சிகிச்சையாளன் தன் நோயாளியின் கணவனுடைய அண்ணனை, வழக்கறிஞர் மேக்ஸை, தானாகத் தேடிப்போய்ச் சந்திக்கும் இடம் அது. "எந்தத் தெரபிஸ்ட்டும் இப்படிப் போய் நிக்கமாட்டாங்க. நின்னா வேலை போயிடும்" என்றார். கதைதானே, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் படிக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தத் தொழிலைப் பற்றிய கதைகளை ரசிக்கத் தெரியாது, மருத்துவருக்கு மருத்துவமனைப் படமும் வக்கீலுக்கு நீதிமன்றப் படமும் எரிச்சலூட்டுவதைப் போலத்தான் இதுவும் என்று எனக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவில் கொஞ்சம் மெத்தனமும் இருந்தது.

கதையை நினைவுக்குக் கொண்டுவர நாலு வரி போதும். லண்டனில் வாழும் ஓவியர் அலீசியா பெரன்சன், ஃபேஷன் புகைப்படக் கலைஞனான தன் கணவன் கேப்ரியலின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதன்பின் ஒரு சொல்லும் பேசுவதில்லை. விசாரணைக் காலத்தில் ஒரே ஒரு ஓவியம் தீட்டுகிறாள். தன்னையே வரைந்து, மூலையில் 'அல்கெஸ்டிஸ்' என்று கிரேக்க எழுத்தில் பெயரிடுகிறாள். ஆறு ஆண்டுகள் கழித்து, அவள் அடைக்கப்பட்டிருக்கும் 'தி குரோவ்' என்ற காவல் மிகுந்த மனநல மையத்தில் தியோ ஃபேபர் என்ற உளச்சிகிச்சையாளன், அவளைப் பேசவைப்பதற்காகவே வேலைக்குச் சேர்கிறான். கதையைச் சொல்பவனும் அவனே. நடுநடுவே அலீசியாவின் பழைய நாட்குறிப்பு வருகிறது. அதில் தன் வீட்டை எவனோ ஒருவன் நோட்டம் விடுவதாக அவள் எழுதியிருக்கிறாள். தியோவின் சொந்த வாழ்க்கையும் ஓர் இழையாக ஓடுகிறது. நாடக நடிகையான அவன் மனைவி கேத்திக்கு வேறொருவனுடன் உறவு இருக்கிறது, அவளைப் பின்தொடர்ந்து போகிறான். சிகிச்சையும் பின்தொடர்தலும் ஒரே காலத்தில் நடப்பதாக நாம் படித்துக்கொண்டே போகிறோம். கேத்தியின் கள்ளக் காதலன் கேப்ரியல்தான் என்பதும், அந்த இழை முழுவதும் ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதும், அலீசியாவின் வீட்டை நோட்டம் விட்டவன் தியோதான் என்பதும் கடைசியில் ஒரே அடியாக வந்து விழுகின்றன. எனக்கு அது ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு விழுந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தையே மறுபடி படித்தேன்.

நாட்காட்டியை ஒளித்தவன்

இந்த முடிவைப் பற்றி வாசகர்கள் சொல்வதைக் கேட்டால், ஒரே புத்தகத்தைத்தான் எல்லோரும் படித்தார்களா என்று ஐயம் வரும். திகைத்துப்போனேன் என்பவர்கள் ஒருபுறம் இருக்க, பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்பவர்களும் ஏராளம். இந்த இரண்டாம் வகையினரோடு எனக்கு அதிகம் பேச்சு இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்களில் வளர்ந்த நம் தலைமுறைக்கு, யார்மீது சந்தேகமே விழவில்லையோ அவரைச் சந்தேகிப்பது அனிச்சைச் செயல். எல்லோரையும் சந்தேகித்து வைத்துவிட்டு, அவர்களில் ஒருவர் குற்றவாளியானதும் "தெரியும்" என்பதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது.

என்னை நெடுநாள் உறுத்தியது மூன்றாவது கருத்து: இது திருப்பமல்ல, ஏமாற்று. கதைசொல்லி பொய் சொல்லவில்லை, ஆனால் எப்போது நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு, நாமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும்படி அடுக்கிவைத்திருக்கிறார் என்பது புகார். இந்தப் புகாருக்கு வயது நூறாகிறது. அகதா கிறிஸ்டி 1926-இல் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு' நாவலில் கதைசொல்லும் டாக்டர் ஷெப்பர்டையே கொலைகாரராக்கியபோது எழுந்த சண்டையும் இதுவேதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1929-இல், பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்டு நாக்ஸ் மர்மக் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். துப்பறிபவரின் கூடவரும் அசட்டு நண்பர் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார் ஒருபடி மேலே போய், ஷெப்பர்ட் கொலையே செய்யவில்லை, துப்பறிந்தவர் தப்பாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று 1998-இல் ஒரு புத்தகமே எழுதினார். எழுத்தாளர் கொடுத்த முடிவை ஏற்க மறுத்து, கதைக்குள் புகுந்து மறுவிசாரணை நடத்தும் இப்படிப்பட்ட பிடிவாதக்கார வாசகர்மீது எனக்குப் பொறாமைகூட உண்டு.

ஆனால் ஷெப்பர்டும் தியோவும் ஒரே வகையினர் அல்ல. ஷெப்பர்ட் மறைப்பது ஒரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு சாதுவான வாக்கியத்தால் மூடிவிட்டு நகர்கிறார். கடைசியில் அந்த வாக்கியத்தின் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்கிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால் வாக்கியம் அங்கேயே இருக்கிறது, நாம்தான் அதன்மேல் ஏறி நடந்து போயிருக்கிறோம். தியோ மறைப்பது ஒரு செயலை அல்ல, நாட்காட்டியை. கறாராகப் பார்த்தால் இது மலிவான உத்திதான். தேதியைச் சொல்லாமலிருக்க எந்தக் கதைசொல்லிக்கும் பெரிய திறமை வேண்டியதில்லை. இதற்கு மாற்றாக ஒரு வாதம் உண்டு. துரோகத்துக்கு உள்ளானவனுக்கு அந்த நாள் பழையதாவதே இல்லை, கேத்தியின் கணினித் திரையில் அந்த மின்னஞ்சல்களைப் பார்த்த இரவு தியோவுக்கு நேற்றைய இரவாகவே நீடிக்கிறது, ஆகவே அவன் தேதியிடாமல் சொல்வது இயல்பே என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. தியோவின் மனதுக்குத் தேதி இல்லாமல் இருக்கலாம். புத்தகத்தின் அத்தியாயங்களை இந்த வரிசையில் அடுக்கியது தியோவின் மனமல்ல.

பிழையென்று தள்ளிய இடம்

இந்த நிலையில்தான் நான் இருந்தேன்: நன்றாக ஏமாந்தேன், கொஞ்சம் மலிவாக ஏமாற்றப்பட்டேன், போகட்டும். பிறகு ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது புத்தகத்தை எடுத்துப் பிரித்ததும் அது அந்த பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தில் திறந்துகொண்டது. தியோ மேக்ஸைப் பார்க்கப் போகும் அதே இடம். நின்றபடியே நாலைந்து பக்கங்களைப் படித்தேன். முதல் வாசிப்பில், அக்கறை மிகுந்த ஒரு சிகிச்சையாளன் எல்லை மீறி ஓடுகிறான் என்றுதான் தோன்றியிருந்தது. இப்போது அந்த ஓட்டமே வேறாகத் தெரிந்தது. இவன் நோயாளியைக் குணப்படுத்துவதற்கான தகவல் தேடி அலையவில்லை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்துகொள்ள அலைகிறான். கொலை நடந்த இரவைப் பற்றி அவள் சொந்தக்காரர்கள், ஓவியங்களை விற்பவர், அண்டை வீட்டுக்காரி என்று ஒவ்வொருவரிடமும் அவன் கேட்கும் கேள்விகளில், அவனுக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்விகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன்.

அப்போதுதான் தோழி சொன்ன வாக்கியம் முழு எடையோடு வந்து விழுந்தது. எந்தத் தெரபிஸ்ட்டும் இப்படிச் செய்யமாட்டார். சரி, அப்படியானால் இவன் தெரபிஸ்ட்டாக இங்கே வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அதன் இயல்பான முடிவுவரை கொண்டுபோயிருந்தால் மர்மம் பாதிப் புத்தகத்திலேயே உடைந்திருக்கும். தோழி துப்பைக் கையில் பிடித்திருந்தார். ஆனால் அதை எழுத்தாளரின் அறியாமை என்ற கணக்கில் எழுதிவிட்டார். நானோ, ரசனைக் குறைவு என்று தோழியின் கணக்கில் எழுதிவிட்டேன். தியோவின் கணக்கில் எழுத எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இந்த நாவலைப் பற்றி வாசகர்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் குறைகளில் இதுவே தலையாயது: சிகிச்சைமுறை அபத்தமாக இருக்கிறது, தொழில் ஒழுக்கம் காற்றில் பறக்கிறது, எழுத்தாளர் கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். மைக்கேலிடீஸ் உளச்சிகிச்சை படித்தவர்; இளம் நோயாளிகளுக்கான, காவல் மிகுந்த ஒரு மனநல விடுதியில் பகுதிநேரமாக வேலையும் பார்த்தவர். எது செய்யக்கூடாதது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தச் செய்யக்கூடாதவற்றையெல்லாம் தியோவைச் செய்யவைக்கிறார், நாம் அதை நாவலின் தரக்குறைவு என்று மன்னித்துக் கடந்து போவோம் என்ற துணிச்சலில். ஜனரஞ்சக மர்ம நாவல் என்றால் இவ்வளவுதான் இருக்கும் என்று வாசகருக்குள் இருக்கும் மெல்லிய அலட்சியத்தையே திரையாகப் பிடித்திருக்கிறார்.

இதே கண்ணோடு முதல் சந்திப்புக்குப் போனால் இன்னும் கூசுகிறது. மருந்தால் மரத்துப்போய், வெறித்த பார்வையோடு அலீசியா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருக்கும் தியோ தனக்குள் பொங்கும் துயரத்தையும் பயத்தையும் கவனித்து, இவை என்னுடையவை அல்ல, அவளுடையவை, அவள் உணர்வதையே நான் உணர்கிறேன் என்று நமக்கு விளக்குகிறான். நோயாளியின் உணர்ச்சிகள் சிகிச்சையாளருக்குள் எதிரொலிப்பதற்கு அந்தத் துறையில் கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். கோட்பாட்டளவில் அவன் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த அறையில் பயப்பட அவனுக்கு அவனுடைய காரணமே இருந்தது. அவள் தன்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்ற பயத்தை அவள் பயமென்று பெயர் மாற்றி நம்மிடம் கொடுத்துவிடுகிறான். பின்பு மருந்தின் அளவு குறைக்கப்பட்டதும் அவள் அவன்மேல் பாய்ந்து கழுத்தை நெரிக்கிறாள். அங்கிருக்கும் எல்லோரும் அதை நோயின் வெறி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவள் எந்தக் கணத்தில் அவனை அடையாளம் கண்டாள் என்பதில் வாசகர்கள் ஒத்துப்போவதில்லை. என் எண்ணம், அந்தப் பாய்ச்சலின்போது அவள் உடலுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான். மனம் உறுதிசெய்துகொள்ளப் பிறகு வெகுநேரம் பிடித்திருக்கலாம்.

இதற்காக எல்லாப் பிழைகளையும் துப்பு என்று கழுவிவிட முடியாது. திருப்பம் வரும் நாவல்களின் ரசிகர்கள் செய்யும் அழிச்சாட்டியம் இது. கதையில் எந்த ஓட்டையைச் சுட்டினாலும் "அது வேண்டுமென்றே வைத்தது" என்பார்கள். அலீசியாவின் நாட்குறிப்பு, யார் என்ன சொன்னார்கள் என்று மேற்கோள் குறியோடு முழு உரையாடலாக எழுதப்பட்டிருக்கிறது. நாட்குறிப்பு எழுதுகிற எவரும் அப்படி எழுதுவதில்லை, அதற்கு எந்தத் திருப்பமும் பரிகாரம் செய்வதில்லை. கடைசியில் தியோ ஊசியில் செலுத்திய மார்ஃபின் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதும் அவள் கோர்வையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். தியோ மட்டுமல்ல, அந்த மையத்தில் யாருமே ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. மனநல மருத்துவர் கிறிஸ்டியன், முன்பே அலீசியாவுக்குத் தனியாகச் சிகிச்சை அளித்ததை மூடி மறைக்கிறார். அவர்மீது நம் சந்தேகம் போக வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை. கேத்தியோ, கணவனின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறாளோ அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. தியோ அப்படித்தான் பார்ப்பான் என்று வாதிடலாம்; அந்த வாதத்துக்கு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள்வரை

திருப்பத்தைப் பற்றிய இத்தனை பேச்சிலும், பேசாத அந்தப் பெண் எங்கே போனாள் என்ற கேள்வி இரண்டாம் வாசிப்புக்குப் பிறகே எனக்கு எழுந்தது. புத்தகத்தின் பெயரே அவள்தான். தியோ எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தான் என்பதைப் பேசுகிறோம், எங்கே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுகிறோம். அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு நாவல் கொடுத்த விடை, திருப்பத்தின் ஓசையில் காதில் விழாமலே போகிறது.

விடை அந்த ஓவியத்தின் பெயரில் இருக்கிறது. யூரிபிடீஸின் 'அல்கெஸ்டிஸ்' நாடகம் ஏதென்ஸில் கி.மு. 438-இல் அரங்கேறியது. அரசன் அட்மீட்டஸின் சாவு நாள் நெருங்குகிறது. அவனுக்குப் பதிலாக வேறொருவர் சாக முன்வந்தால் அவன் பிழைக்கலாம் என்று தெய்வ ஏற்பாடு. வயதான தாயும் தந்தையும் மறுத்துவிட, மனைவி அல்கெஸ்டிஸ் ஒப்புக்கொண்டு சாகிறாள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வரும் ஹெராக்ளீஸ் விஷயம் அறிந்து, சாவோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு, முக்காடிட்டுக் கூட்டிவருகிறான். முக்காட்டை விலக்கினால் அவள்தான், ஆனால் பேசவில்லை. ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று கணவன் கேட்கிறான். பாதாள தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவள், அந்தத் தீட்டுக் கழிந்து மூன்றாம் நாள் ஆகும்வரை அவள் குரலை நீ கேட்க முடியாது என்கிறான் ஹெராக்ளீஸ். நாடகம் அந்த மூன்றாம் நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நம் சாவித்திரியும் கணவனுக்காகச் சாவை எதிர்கொண்டவள்தான். ஆனால் அவள் பேசிப் பேசியே எமனை வென்றாள். அல்கெஸ்டிஸுக்குத் திரும்பி வந்தபின் ஒரு வரிகூட இல்லை. தனக்குப் பதிலாகச் சாக விட்டவனின் வீட்டில் மறுபடி நிற்கும் பெண், பேச முடிந்தால் என்ன பேசுவாள் என்ற கேள்வியை யூரிபிடீஸ் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அலீசியாவின் வீட்டுக்குள் முகமூடியோடு நுழைந்த தியோ யாரையும் கொல்லவில்லை. கணவனையும் மனைவியையும் கட்டிப்போட்டு, உங்களில் ஒருவர் சாக வேண்டும், யார் என்று நீ சொல் என்று கேப்ரியலிடம் கேட்கிறான். கேப்ரியல் சாக விரும்பவில்லை. அவ்வளவுதான், அதைக் கேட்கவைத்துவிட்டு அவன் போய்விடுகிறான். சிறுவயதில், விபத்தில் மனைவியை இழந்த தகப்பன் "அவளுக்குப் பதில் அலீசியா செத்திருக்கக் கூடாதா" என்று புலம்பியதைக் காதால் கேட்டவள் அவள். ஒருமுறை தந்தை வாயால் செத்தவள், இரண்டாம் முறை கணவன் வாயால் சாகிறாள். சுடுவது அதன் பிறகுதான். இந்த இடத்தை எழுதியவர் மலிவான உத்திக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆறாண்டு மௌனத்துக்குப் பின் அவள் பேசும்போது தியோவிடம் சொல்லும் கதையும் இரண்டாம் வாசிப்பில்தான் எனக்குச் சரியாகக் கேட்டது. முகமூடி மனிதன் வந்தான், கட்டிப்போட்டான், கேப்ரியலைச் சுட்டுக் கொன்றான் என்கிறாள். பொய். அது பொய் என்று தெரிந்த ஒரே மனிதன் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் எப்படித் தெரியும் என்று அவனால் சொல்ல முடியாது. முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தை உண்மை தெரியப்போகிற அவசரத்தில் ஓட்டமாக ஓடிக் கடந்தேன். அவள் வலை விரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. தியோவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் ஊசியை எடுக்கிறான். கதைசொல்லியின் கையிலிருந்து கதையைப் பிடுங்கி, அவன் நுழைந்த இரவையே அவனுக்குத் திருத்திச் சொன்ன அந்த ஒரு காட்சிக்காக, நாட்காட்டியை ஒளித்த குற்றத்தை நான் மன்னித்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்ல வாயெடுத்து, மிச்சத்தையும் படிக்கும்படி தோழியிடம் புத்தகத்தை மறுபடி கொடுத்தேன். முடிவைச் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து, வெளிநோயாளிகள் நேரம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அழைத்தார். திருப்பம் எப்படி என்று கேட்டேன். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். மற்றபடி அதைப் பற்றி அவருக்குப் பெரிய கருத்து ஒன்றும் இல்லை. உன் தொழில் தெரியாமல் எழுதியதாக நினைத்துத்தானே அன்றைக்கு மூடிவைத்தாய், இப்போது என்ன சொல்கிறாய் என்று விடாமல் கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லலையே. அவன் மேக்ஸைப் பார்க்கப் போனதுமே அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுதோன்னு இருந்தது. அதைப் படிக்க வேண்டாம்னுதான் மூடினேன்" என்றார். பின்னால் பஸ் நடத்துனரின் விசில் கேட்டது. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.